பொழுது சாயுமுன்

தவக்காலம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிறு மாலையில், தாம்பரத்தை அடுத்த நம் பங்கு இல்லத்தின் முன்கூடத்தில் ஒரு வாதம் எழுந்தது. வாதத்தின் பொருள் மறையும் அன்று, அரசியலும் அன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் உருவான ஒரு டிஸ்கோ இசைத்தட்டு. இப்படியொரு பொருளைப் பற்றி இவ்விதழில் எழுத நேரும் என நாம் எண்ணியதில்லை. ஆயினும் அன்றைய பேச்சு, நாம் மறந்துவிட்டதாக நினைத்திருந்த ஒரு கடனின் முன் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திற்று. ஆகவே எழுதுகிறோம்.

மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு நால்வர் எஞ்சியிருந்தனர். பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர்; சிட்லபாக்கத்தில் வாழும், ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவர்; விமானப்படையில் பணியாற்றி வடநாடெங்கும் சுற்றிய பின் சேலையூரில் வீடு கட்டிக் குடியேறியவர் ஒருவர்; மறைக்கல்வி ஆசிரியை ஒருவர். இளைஞர் தம் கைப்பேசியிலிருந்து அந்த இசைத்தட்டின் சில பகுதிகளை ஒலிபெருக்கியில் இசைக்கச் செய்தார். யாரும் பாடவில்லை. இயந்திரத் தாளம் ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்க, அதன்மேல் மின்னிசைக் கருவியில் ஒரு ராகம் ஓடியது.

இசையாசிரியர் கண்களை மூடிக் கேட்டுவிட்டு, "இது ராகமில்லை, சாமி. ராகத்தோட எலும்புக்கூடு" என்றார்.

விமானப்படைக்காரருக்கு வேறு குறை. "அந்தக் காலத்துல நாங்க ஆடின டிஸ்கோ இது இல்ல. அதுல ஒரு கொண்டாட்டம் இருக்கும். இது மிஷின் ஓடுற மாதிரி இருக்கு."

இளைஞருக்கு முகம் சிவந்தது. "இன்னைக்கு உலகமே இதைத் தேடிக் கேட்குது சார். அமெரிக்காக்காரன் இந்த மாதிரி இசையைக் கண்டுபிடிக்கிறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் பண்ணிட்டாரு" என்றார்.

வாதம் சூடேறிய வேளையில், அதுவரை பேசாதிருந்த ஆசிரியை கேட்டார்: "இத வாசிச்சவரு இப்ப இருக்காரா தம்பி?"

"இல்ல டீச்சர். 2015ல இறந்துட்டாரு."

"உசுரோட இருக்கும்போது யாராவது அவர்கிட்ட நல்லாருக்குன்னு சொன்னாங்களா?"

அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், அந்த மனிதரின் கதையைச் சற்றே விரிவாக அறிதல் வேண்டும்.

அவர் பெயர் சரண்ஜித் சிங். பம்பாய்த் திரையுலகின் இசைக்குழுக்களில் கிதார், பேஸ் கிதார், மின்னிசைக் கருவிகள் ஆகியவற்றை வாசித்தவர். சங்கர்-ஜெய்கிஷன், லட்சுமிகாந்த்-பியாரிலால், ஆர்.டி. பர்மன் போன்ற இசையமைப்பாளர்களின் பாடல்களில் அவருடைய கைவண்ணம் உண்டு. ஆனால் அக்காலத்துத் திரையிசைத் தட்டுகளின் உறைகளில் பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் இருக்கும். வாசித்தவர் பெயரைக் காண்பது அரிது. பம்பாயில் மட்டுமன்று, நம் கோடம்பாக்கத்திலும் அதுவே வழக்கம். கோடிக்கணக்கானவர் முணுமுணுத்த பாடல்களில் வயலின் வில்லிழுத்தவர்களும் தபேலா தட்டியவர்களும் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு மின்ரயிலேறி வீடு திரும்பினார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் இந்தியாவில் டிஸ்கோவின் காலம். 1980இல் 'குர்பானி' படத்துக்காகப் பெங்களூரில் பிறந்த பித்து இசையமைத்து, இளம்பெண் நாசியா ஹசன் பாடிய பாடல் நாடெங்கும் ஒலித்தது. 1981இல் அவ்விருவரின் 'டிஸ்கோ தீவானே' வந்தது. 1982இல் பப்பி லஹரியின் இசையில் 'டிஸ்கோ டான்சர்' வந்தது. அதுவே 1985இல் ஆனந்த்பாபு நடிக்க, 'பாடும் வானம்பாடி' எனத் தமிழுக்கும் வந்தது. நம் தலைமுறையினர் பள்ளி ஆண்டுவிழாக்களில் மினுங்கும் சட்டையணிந்து ஆடிய ஆட்டங்களை இப்போது நினைத்தால் நகைப்பே மிஞ்சுகிறது.

அந்த அலையின் நடுவே, 1982இல், சரண்ஜித் சிங் தனியொருவராக ஒரு முயற்சியை மேற்கொண்டார். படங்களில்தான் டிஸ்கோ மிகுதியாய் இருக்கிறதே, நம் ராகங்களையே அந்தத் தாளத்தில் வாசித்தால் என்ன, தபேலாவை நிறுத்திவிட்டுப் பார்த்தால் என்ன என்று தமக்குத் தோன்றியதாகப் பிற்காலத்தில் அவர் நேர்காணலொன்றில் எளிமையாகக் கூறியிருக்கிறார். ஜப்பானிய நிறுவனமான ரோலண்ட் செய்த மூன்று கருவிகளை அவர் கையாண்டார்: ராகத்தை வாசிக்க ஜூப்பிட்டர்-8, தாளத்துக்கு டி.ஆர்.-808, அடிநாதத்துக்கு டி.பி.-303. நம் மோகனத்துக்கு நிகரான பூபாளி, கல்யாணிக்கு நிகரான யமன், இந்தோளத்துக்கு நிகரான மால்கௌன்ஸ் என மொத்தம் பத்து ராகங்கள். எச்.எம்.வி. என நாம் அறிந்த கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா அதனை 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்னும் பெயரில் வெளியிட்டது.

யாரும் வாங்கவில்லை. ராகம் கேட்போருக்கு டிஸ்கோ பிடிக்கவில்லை. டிஸ்கோ கேட்போருக்கு ராகம் பிடிக்கவில்லை. அவரும் அதைப் பெரிதாக எண்ணாமல், திருமணங்களிலும் விருந்துகளிலும் வாசித்துத் தம் வாழ்வை நடத்தினார்.

அவர் பயன்படுத்திய கருவிகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. டி.பி.-303 என்னும் சிறு பெட்டி, தனியே பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்குத் துணையாக பேஸ் கிதாரின் ஒலியைத் தருவதற்கென 1981இல் செய்யப்பட்டது. அதன் ஒலி பேஸ் கிதாரைப்போல் இல்லை, ஆகவே விலைபோகவில்லை. 1984இல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டனர். பழைய பொருள் விற்கும் கடைகளில் மலிவு விலைக்கு வந்த அதனை அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர் சிலர் வாங்கி, அதன் திருகுகளைத் திருப்பித் திருப்பி இதுவரை கேளாத ஓர் ஒலியைக் கொண்டுவந்தனர். 1987இல் 'ஃபியூச்சர்' என்னும் அவர்களுடைய குழு வெளியிட்ட 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் தட்டிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்னும் இசைவகையே பிறந்தது. இதே சிகாகோவில்தான் 1979 ஜூலை 12ஆம் நாள், பேஸ்பால் மைதானமொன்றில், டிஸ்கோவை வெறுத்தவர்கள் திரண்டு அதன் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கொளுத்தப்பட்ட இசையின் பிள்ளை அதே ஊரில் எட்டாண்டுகளில் எழுந்து நடந்தது.

2002இல் நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் என்னும் இசைத்தட்டுச் சேகரிப்பாளர், தில்லியில் பழைய தட்டுகளைத் துழாவியபோது சரண்ஜித் சிங்கின் தட்டு அவர் கையில் அகப்பட்டது. கேட்டவர் திகைத்தார். சிகாகோவின் ஒலி அதற்கு ஐந்தாண்டு முன்னரே பம்பாயில் பதிவாகியிருந்தது! பின்னர் மும்பையில் சரண்ஜித் சிங்கைத் தேடிக் கண்டு, 2010இல் தம் 'பம்பாய் கனெக்ஷன்' நிறுவனத்தின் வழியே அத்தட்டை மீண்டும் வெளியிட்டார். யாரோ இக்காலத்து இசைஞர் விளையாட்டாகச் செய்த போலி என்றே சிலர் முதலில் ஐயுற்றனர். எழுபது வயதை எட்டிய சரண்ஜித் சிங், ஐரோப்பிய மேடைகளில் இளைஞர் கூட்டத்தின் முன் தம் ராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

இனி, கருத்து வேறுபாடுகளுக்கு வருவோம். அன்று நம் முன்கூடத்தில் எழுந்தவை, உலகெங்கும் இத்தட்டைப் பற்றி எழுந்தவைதாம்.

இசையாசிரியரின் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ராகம் என்பது சுரங்களின் வரிசை மட்டுமன்று; சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே உள்ள அசைவே அதன் உயிர். கட்டை கட்டையாய்ப் பிரிந்து நிற்கும் கருவியில் கமகம் பிறப்பதில்லை. ஆலாபனையில் ராகம் தானாக மலரக் காத்திருக்க வேண்டும். இங்கோ இயந்திரத் தாளம் காத்திருப்பதில்லை. இக்காரணம் பற்றியே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971வரை அத்தடை நீடித்தது. ஆயின் அந்த முப்பத்தொரு ஆண்டுகளிலும் நம் சிற்றூர்க் கோயில்களில் ஆர்மோனியம் இல்லாமல் ஒரு திருப்பலிப் பாடலேனும் ஒலித்ததுண்டா? கமகமில்லாத அக்கருவியின் துணைகொண்டுதான் நம் பாட்டிமார் கண்ணீரோடு சிலுவைப்பாதைப் பாடல்களைப் பாடினார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டி.பி.-303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி ஒன்று உண்டு. எலும்புக்கூடு என்று ஆசிரியர் சொன்ன அதனுள் ஓரிடத்தில் தசையும் அசைகிறது. இதனை நாம் கூறியபோது, "அது சரிதான், ஆனா போதாது" என்றார். நேர்மையான விடை.

இளைஞரின் பெருமிதத்திலும் உண்மை பாதியே உண்டு. சிகாகோ இளைஞர்கள் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கேட்டு எதனையும் செய்யவில்லை. ஒரே கருவி இரு கண்டங்களில் இரு வேறு கைகளில் ஒரே வகை ஒலியைத் தந்தது, அவ்வளவே. அவரைத் தந்தையென்றும், அவர்களைப் பின்வந்தோரென்றும் சொல்வது வரலாறாகாது. மேலும், மேலைநாட்டார் செய்ததை நம்மவர் முன்னரே செய்துவிட்டார் என்பதால்தான் ஒரு படைப்புக்கு மதிப்பு வருமென்றால், அம்மதிப்பை நிறுக்கும் தராசு இன்னும் மேலைநாட்டார் கையில்தான் இருக்கிறது என்பது பொருள். விமானப்படைக்காரரின் குறையிலும் நியாயமுண்டு. டிஸ்கோ என்று பெயரிட்டு விற்ற பொருளில் ஆடுவோருக்குரிய களிப்பைத் தேடியவர் ஏமாந்தால், பிழை அவருடையதன்று.

கருவிகளைப் பற்றிய தீர்ப்புகள் காலத்தோடு மாறுவதைத் திருச்சபையின் வரலாற்றிலும் காண்கிறோம். 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி வெளியிட்ட ஆணையில், பியானோவும் முரசு, கைத்தாளம் போன்ற ஓசைமிகு கருவிகளும் ஆலயத்தில் விலக்கப்பட்டன. அறுபது ஆண்டுகள் கழித்து, 1963இல், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தன் திருவழிபாட்டுக் கொள்கை விளக்கத்தில், குழலார்கனுக்குரிய பெருமையைப் போற்றியபின், புனிதப் பயன்பாட்டுக்கு ஏற்ற அல்லது ஏற்றதாக்கக்கூடிய பிற கருவிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. அதன் பயனாகவே நம் பீடத்தருகே மிருதங்கமும் தபேலாவும் தலைநிமிர்ந்து அமர்ந்தன. 1903இன் ஆணை மூடத்தனமன்று. அது நாடகமேடைப் பாணியிலிருந்து வழிபாட்டைக் காக்க முனைந்தது. 1963இன் இசைவு தளர்ச்சியுமன்று. அது மக்களின் இசைமரபுகளை மதித்தது. ஒரு தீர்ப்பு கனிவதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின. சரண்ஜித் சிங்கின் தட்டைப் பற்றிய தீர்ப்பு கனிய இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகுமோ? ஆகட்டும். தீர்ப்பு காத்திருக்கலாம். காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு. அதைத்தான் ஆசிரியையின் கேள்வி சுட்டியது.

'தபேலாவை நிறுத்திவிட்டு' என்னும் சொற்களைக் கேட்ட அந்நொடியில், நம் மனம் மும்பையை விட்டு நம் தென்புறநகரின் வேறொரு பங்குக்குப் போய்விட்டது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இது நம் சொந்தக் குறை.

2003ஆம் ஆண்டு நாம் அப்பங்கில் பணியாற்றினோம். அங்கே பாடற்குழுவில் தபேலா வாசித்தவர் ஒரு பட்டறைத் தொழிலாளர். ஞாயிறுதோறும் காலை ஐந்தரைக்கெல்லாம், மிதிவண்டியின் பின்கட்டையில் தபேலாவைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். மழைக்காலத்தில் தாம் நனைவார், தபேலா நனையாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாசித்துவந்தார். ஊதியம் கேட்டதில்லை. திருவிழா நாளில் ஒரு வேட்டி கொடுத்தால் கண்களில் ஒற்றிக்கொள்வார். வாசிப்பு நுட்பமானது என்று சொல்ல முடியாது; விரைவான பாடல்களில் காலம் சற்றுப் பின்வாங்கும். இளைஞர்கள் அதனைக் கேலி செய்வதுண்டு.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன், வளைகுடா நாட்டில் பணிபுரிந்த ஒரு நல்லவர் கோயிலுக்குக் கீபோர்டு ஒன்றை வாங்கித் தந்தார். பொத்தானை அழுத்தினால் நூறு வகைத் தாளங்கள் வரும். பாடற்குழு துள்ளிற்று, நாமும் மகிழ்ந்தோம். ஒத்திகையன்று அவரை அழைத்து, "ஐயா, இனிமே கீபோர்டே தாளம் போட்டுக்கும். நீங்க சிரமப்பட வேண்டாம், சும்மா வந்து உட்காருங்க" என்றோம். அவர் வயதையும் களைப்பையும் கருதிச் சொன்னதாகவே நமக்கு நினைப்பு. அவர் நம் முகத்தை ஒருமுறை பார்த்தார். "சரிங்க சாமி" என்றார். தபேலாவைப் போர்வையில் சுற்றினார். அவ்வளவுதான்.

அதன்பின்னும் அவர் ஒரு ஞாயிறும் திருப்பலிக்கு வரத் தவறவில்லை. மூன்றாம் தூணருகே அமர்வார். பாடல் தொடங்கும்போது அவருடைய விரல்கள் தொடைமேல் தாளமிடுவதைப் பீடத்திலிருந்து நாம் கண்டதுண்டு. கண்டும் அதன் பொருளை நாம் உணரவில்லை. பிறகு பணிமாற்றம் பெற்று வேறிடம் சென்றோம்.

2011இல் அவர் இறந்த செய்தி வந்தது. அடக்கத் திருப்பலியில் மறையுரை ஆற்ற நம்மை அழைத்திருந்தார்கள். அவருடைய இருபது ஆண்டு உழைப்பையும், மழையில் நனையாத அந்தத் தபேலாவையும் பற்றி உருக்கமாகப் பேசினோம். கல்லறையில் மண்ணிட்டுத் திரும்பும்போது அவருடைய மனைவி நம் அருகே வந்தார். "நல்லா சொன்னீங்க சாமி. இதுல ஒரு வார்த்தை அவரு இருக்கையில சொல்லியிருந்தீங்கன்னா..." என்றவர் முடிக்கவில்லை. குறை கூறும் குரலன்று அது. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

கீபோர்டை ஏற்றது தவறா? அன்று, அதனால் பல இளைஞர்கள் பாடற்குழுவுக்கு வந்தார்கள். அவருடைய வாசிப்பில் குறை இருந்ததா? இருந்தது. அப்படியாயின் நம் பிழை எங்கே? தீர்ப்பையும் நன்றியையும் நாம் ஒன்றாய்க் குழப்பிவிட்டோம். வாசிப்பு சுமாரானது என்று மனத்துக்குள் தீர்ப்பிட்டவுடன், நன்றி சொல்லும் கடமையும் அதோடு தீர்ந்துவிட்டதுபோல் நடந்துகொண்டோம்.

குருமடத்தில் நாம் பயின்ற பாடத்தில் இதற்கு விடை இருந்தது; தேர்வுக்குப் படித்தோம், வாழ்வுக்குப் படிக்கவில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' நூலின் இரண்டாம் பாகத்தில் நன்றியறிதலைப் பற்றி ஆராய்கிறார். பெற்ற நன்மைக்கு உடனே கைம்மாறு செய்ய வேண்டுமா என்பது அங்கே ஒரு வினா. கொடையில் இரண்டு உண்டு என்கிறார் அவர்: கொடுத்தவரின் அன்பு, கொடுக்கப்பட்ட பொருள். பொருளுக்குப் பொருள் திருப்பித் தருவதற்கு ஏற்ற காலம் வரும்வரை காத்திருக்கலாம். அன்புக்கு அன்பு திருப்பித் தருவதோ அக்கணமே நிகழ வேண்டும். மேலும், நன்றி என்பது கொடையின் அளவைவிடக் கொடுத்தவரின் மனத்தையே மிகுதியாக நோக்குகிறது என்றும் விளக்குகிறார். திருவள்ளுவரும் செய்ந்நன்றி அறிதலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர். அங்கும் உதவியின் அளவு பின்னே நிற்கிறது, செய்தவரின் உள்ளமும் பெற்றவரின் பண்புமே முன்னே நிற்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். குறையுள்ள உழைப்புக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தால் அது முகமனாகாதா? பொய்யாகாதா? ஆகாது. பாராட்டு என்பது படைப்பைப் பற்றிய கூற்று: 'இது நன்று' என்கிறது. அது உண்மையாய் இராவிடில் பொய்யே. நன்றியோ மனிதரைப் பற்றிய கூற்று: 'உம் நாளையும் உம் வலிமையையும் எங்களுக்காகச் செலவிட்டீர், அதனை நாங்கள் கண்டோம்' என்கிறது. வாசிப்புச் சுமாராயினும் இந்தக் கூற்று முழு உண்மை. நம் தபேலாக்காரரிடம், 'இனிக் கீபோர்டு வாசிக்கட்டும்' என்பதையும், 'இருபது ஆண்டுகள் எங்களைப் பாடவைத்தீர்' என்பதையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். முதலாவதை மட்டும் சொன்னோம்.

இன்னொரு மறுப்பு: சரண்ஜித் சிங்கின் தட்டை வாங்காத மக்கள் நன்றி கெட்டவர்களா? அல்லர். பிடிக்காத பொருளை வாங்கும் கடன் எவருக்குமில்லை. ஆனால் அதற்கு முன்னரே அவருடைய கிதார் ஒலித்த எத்தனையோ பாடல்களைக் கேட்டு மகிழ்ந்தும், வாசித்தவர் யாரென்று கேளாதிருந்த ஒரு பழக்கம் இருந்ததே, அது வேறு. உறையில் ஒரு பெயரை அச்சிட எவ்வளவு மை செலவாகும்? வேறொன்றும் எண்ணத்தக்கது. தபேலாவை நிறுத்திய அம்மின்கருவிகளே பின்வந்த ஆண்டுகளில் பெருகி, மும்பையிலும் சென்னையிலும் பெரிய திரையிசைக் குழுக்களைச் சுருக்கின. சரண்ஜித் சிங் எந்தத் தொழிலில் வளர்ந்தாரோ அத்தொழிலையே அவர் காதலித்த கருவிகள் தேய்த்தன. அவரைக் குற்றஞ்சாட்டவில்லை, புதிய கருவியை நேர்மையான ஆவலோடு கையிலெடுத்த ஒருவர் அவர். எனினும், புதியதை வரவேற்கும் ஒவ்வொரு கைதட்டலுக்குப் பின்னும் போர்வையில் சுற்றப்படும் ஒரு தபேலா இருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

அவருக்குக் கிடைத்த பேறு, நன்றி தாமதமாகவேனும் அவர் செவியில் விழுந்தது. பல ஆண்டுகள் கழித்து ஒருவர் கடல்கடந்து வந்து கதவைத் தட்டினார். இன்னும் பல ஆண்டுகள் தாமதித்திருந்தால் திறப்பதற்கு அவர் இருந்திருக்க மாட்டார். எத்தனை பேருக்கு அப்படி ஒருவர் வருகிறார்?

கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. விடியும்வரை வைத்திருக்கலாகாது என்று லேவியர் நூல் கூறுகிறது. ஏழையின் உயிர் அன்றைய கூலியில் ஒட்டியிருக்கிறது என்பதே காரணம். பணக்கூலிக்கு மட்டுமா இக்கட்டளை? பணமே பெறாது உழைப்பவருக்கு நம் நன்றிதான் ஒரே கூலி. அதனை நாம் அடக்கத் திருப்பலிவரை, வெள்ளிவிழா மலர்வரை, ஆளில்லாத நாற்காலிமுன் வாசிக்கப்படும் இரங்கல் உரைவரை ஒத்திவைக்கிறோம். குணமடைந்த பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்தவன் ஒருவனே. மற்ற ஒன்பதின்மரும் கெட்டவர்கள் என்று லூக்கா எழுதவில்லை. அவர்களும் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கக்கூடும். நற்கருணைக்கு 'யூக்கரிஸ்து' என்று பெயர்; நன்றி செலுத்துதல் என்பது அதன் பொருள். நன்றி என்னும் பெயர்கொண்ட பலியை நாள்தோறும் ஒப்புக்கொடுக்கும் கைகளே நன்றியில் தவறினால் யாரைச் சொல்வது?

அன்றைய வாதம் முடிவுக்கு வரவில்லை. இசையாசிரியர் தம் கருத்தில் நிற்கிறார், இளைஞரும் அப்படியே. இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்பது மட்டும் புதிது. மோகனத்தைப் பாடிக்காட்ட ஆசிரியர் இளைஞரைச் சிட்லபாக்கத்துக்கு அழைத்திருக்கிறார்.

வாசகர்களாகிய உங்களிடம் ஒன்றே கேட்கிறோம். உங்கள் கோயிலில் விடியுமுன் மணியடிப்பவர், பெருக்குபவர், பூ வைப்பவர், அன்பியக் கூட்டத்துக்கு வீடுவீடாய்ச் சென்று அழைப்பவர், உங்கள் வீட்டிலேயே நாற்பது ஆண்டுகளாய் அடுப்படியில் நிற்பவர் ஆகியோரை எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய பணியில் குறைகள் இருக்கலாம். அவற்றைப் பற்றிய உங்கள் தீர்ப்பு மெல்லக் கனியட்டும். நன்றியை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள்.

இதனை எழுதுமுன் நாம் செய்து பார்க்க வேண்டும் அன்றோ? சென்ற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும், கீபோர்டு வாசிக்கும் கல்லூரி மாணவனிடம் போனோம். நாம் விரும்பும் அளவுக்கு மெதுவாய் அவன் வாசிப்பதில்லை. அது பற்றி இருமுறை கடிந்தும் இருக்கிறோம். இப்போது சொற்களைக் கேட்டவுடன் இசையும் பாடலும் தானே ஆக்கித் தரும் கணினிகள் வந்துவிட்டன. நாளை யாரேனும் நல்லெண்ணத்தோடு அப்படியொன்றைக் கோயிலுக்கு வாங்கித் தரவும் கூடும். அவன் மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "தம்பி, மூணு வருஷமா ஒரு ஞாயிறு விடாம வந்து வாசிக்கிற. ரொம்ப நன்றிப்பா" என்றோம்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எதுக்கு ஃபாதர் திடீர்னு? யாராவது எதாவது சொன்னாங்களா?" என்றான்.

நன்றியைக் கேட்டவுடன் அதற்குப் பின்னால் ஏதோ குறை வருகிறது என்று அஞ்சும் அளவுக்கு நாம் அவனைப் பழக்கியிருக்கிறோம். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை என்று கூறி, கம்பியின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்ட உதவினோம்.